கண் டாக்டரின் நோயாளி

"ஜீரோ வைக்கிற நேரத்துல தரை அதிரவே கூடாது. நான் சொல்ற வரைக்கும் இந்தப் பக்கம் எதையும் விடாதீங்க" என்று கண் டாக்டர் மறுபடியும் சொன்னபோது, கேட்டில் நின்ற வாட்ச்மேன் தம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"எதையுமா சார்?"

"ஒரு ஈ காக்கா வரக் கூடாது."

"நீங்களே வந்து சொன்னாத்தான் சார் விடுவேன். போதுமா?"

போதும். தம் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க அந்தப் பால் பண்ணையில் ஒருவராவது இருக்கிறாரே என்ற சிறு ஆறுதலுடன் கண் டாக்டர் உள்ளே போனார். அன்றைய நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

அவர் மனிதக் கண்ணுக்கு வைத்தியம் பார்ப்பவர் அல்லர். பண்ணையின் பெரிய எஃகுக் குழாயில், கைமுட்டி அளவில், ஒளியால் பார்க்கும் சென்சார் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. குழாய்க்குள் அது ஒளியைப் பாய்ச்சும். ஒளி தடையின்றிக் கடந்தால் ஓடுவது தண்ணீர். கடக்க முடியாமல் தவித்தால் பால். தண்ணீருக்குப் பூஜ்யம், பாலுக்கு நூறு என்று அதன் முகத்தில் எண் தோன்றும். அந்த எண்ணைப் பார்த்து, கீழே இருக்கும் வால்வு பாலைத் தொட்டிக்கும் தண்ணீரைச் சாக்கடைக்கும் திருப்பிவிடும். குழாய் ஒருபோதும் வெறுமையாக இருப்பதில்லை. ஊர்களிலிருந்து வரும் பால் ஓடாத வேளைகளில் பம்ப் கருகிவிடாதிருக்கத் தண்ணீர் தானாகவே வந்து நிறையும். தொழிலாளர்கள் அந்த சென்சாரைக் 'கண்ணு' என்றார்கள். தினமும் அதைச் சரிபார்ப்பவரைக் கண் டாக்டர் என்றார்கள். அதில் இருந்த கிண்டலைக் கவனிக்காத அவர், அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

சென்ற வாரம் அந்தக் கண் பாலைத் தண்ணீர் என்று எண்ணிச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டது. மேலாளர் சத்தம் போடவில்லை. "இனிமே ஒரு சொட்டுப் பால் சாக்கடைக்குப் போச்சுன்னா, அதே வழியா நீங்களும் கிளம்பிடலாம்" என்று மட்டும் சொன்னார்.

வேலை போனால் வேறு வேலை தேடலாம். ஆனால் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் மனைவியின் தம்பி. இதே பண்ணையின் கட்டுப்பாட்டு அறையில் பட்டன்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன். வேலை போய்விட்டதென்று தெரிந்தால் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டாள். சோற்றைப் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

விதிப்படி செல்போனை அலமாரியில் வைத்துப் பூட்டினார். வெள்ளை அங்கியும் தலைக்கு வலைத்தொப்பியும் அணிந்து, குழாயில் ஓடிய தண்ணீரைக் கொண்டு பூஜ்யத்தை நிலைநிறுத்தினார். தரை அதிரவில்லை. எண் ஆடவில்லை. இவ்வளவு அப்பழுக்கற்ற பூஜ்யத்தை அவர் அதுவரை கண்டதில்லை. அடுத்தது பாலைக் காட்டி நூறை நிலைநிறுத்த வேண்டும். இண்டர்காமை எடுத்தார்.

"மச்சான், பாலை விடு."

"விட்டாச்சு மாமா. பச்சை லைட் எரியுது."

எண் பூஜ்யத்திலேயே நின்றது.

"நெஜமாவே விட்டியா?"

"பட்டனை அமுத்தியாச்சு மாமா. அதுக்கு மேல, மாட்டுத் தொழுவத்துக்கா போய் நான் பாத்துட்டு வர முடியும்?"

காலடியில், தரைக்கு அடியில், சாக்கடைக் குழாய் களகளவென்று சிரித்தது. ஒரு சொட்டு அல்ல, ஓர் ஆறே போய்க்கொண்டிருக்கிறது. சாக்கடையின் இரும்பு மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். ஆனால் வெள்ளை நிறத்தைத் தம் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் நம்பிக்கைக்கு இடமே இராது என்று அஞ்சி, மூடியின் பக்கமே அவர் திரும்பவில்லை.

பம்பை நிறுத்தச் சொல்லி, கண்ணைக் கழற்றி, அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஈரத்தை மெல்லிய துணியால் துடைத்துப் பொருத்தி, பம்பை மறுபடி ஓட்டச் சொன்னார். பூஜ்யம்.

விளக்கு மங்கியிருக்கும் என்று புது விளக்கைப் போட்டார். எண், பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, மைனஸ் நான்கு என்றது.

தண்ணீரைவிடத் தண்ணீரான ஒரு பொருள் உலகத்தில் உண்டா என்று கண் டாக்டர் சற்று நேரம் யோசித்தார். இருந்தால், அது தம் வாழ்க்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அந்த நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாட்ச்மேன் நின்று கையை ஆட்டினார். அங்கியும் வலைத்தொப்பியும் இல்லாதவர் உள்ளே வரக் கூடாது. யந்திர இரைச்சலில் குரலும் கேட்காது. டீ வந்திருக்கிறது போலும். டீ குடிக்கும் நேரமா இது என்ற கசப்புடன், கண் டாக்டர் விரல்களைக் குவித்து, 'இன்னும் ஆகவில்லை, பொறுங்கள்' என்று சைகை காட்டினார். வாட்ச்மேன் தலையாட்டிவிட்டுப் போனார்.

மேலாளரின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கி வந்தது. வேறு வழியின்றிக் கண் டாக்டர், எந்தப் பாடமும் அனுமதிக்காத காரியத்தைச் செய்தார். கண்ணின் உணர்திறன் திருகைக் கடைசிவரை திருகினார். எண் துள்ளியது, நடுங்கியது, நூறில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வால்வு திரும்பியது. சாக்கடையின் சிரிப்பு நின்றது.

"எவ்வளவு காட்டுது?" என்றார் மேலாளர்.

"நூறு சார்."

"பாத்தீங்களா? பயம் இருந்தா எல்லாம் ஒழுங்கா நடக்கும்."

அந்த நிம்மதி, ஆய்வகத்திலிருந்து இண்டர்காம் அடிக்கும் வரைக்கும்தான் நீடித்தது. தொட்டிப் பாலைச் சோதிக்கும் பெண் பேசினாள்.

"அண்ணே, தொட்டியில நேத்து சேர்த்து வச்ச பால் கெட்டியா நல்லாத்தானே இருந்துச்சு? இப்ப பாத்தா அதுல மூஞ்சி கழுவலாம் போல இருக்கு."

கண் டாக்டர் உடனே மைத்துனனை அழைத்தார்.

"ஆரம்பத்துல குழாயில நின்ன கழுவுன தண்ணி போயிருக்கும் மாமா" என்றான் அவன். "பம்பை முழு வேகத்துல விடுறேன். பின்னாடி கெட்டிப்பால் வந்து எல்லாத்தையும் சரிக்கட்டிரும்."

கேட்க நியாயமாக இருந்தது. பம்ப் முழு வேகத்தில் இரைந்தது. கண் தளராமல் நூறு என்றது. இண்டர்காம் மறுபடியும் அடித்தது.

"அண்ணே, முன்னாடி பால்ல தண்ணி இருந்துச்சு" என்றாள் அந்தப் பெண், துக்கம் விசாரிக்கும் குரலில். "இப்ப தண்ணியில பால் இருக்கு."

சாயங்காலம் மேலாளரின் அறையில் நால்வரும் கூடினார்கள். ஆய்வகத்துப் பெண் ஒரு குவளையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அதன் ஊடாக மேலாளரின் கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது. கண் டாக்டர், கழற்றி எடுத்த சென்சாரைத் துணியில் சுற்றி, நோய்க் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். மைத்துனன் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதலாளிகிட்ட யாராவது பதில் சொல்லித்தான் ஆகணும்" என்றார் மேலாளர். "மெஷின் கெட்டுப்போச்சுன்னு நீங்க சொன்னா, தப்பு மெஷினோடது. கெடலைன்னு சொன்னா, தப்பு உங்களோடது. யோசிச்சுச் சொல்லுங்க."

"ஆனா சார், காலையில ஜீரோ வச்சப்ப அது சுத்தமா..."

"மாமா" என்றான் மைத்துனன், மின்விசிறியிடம். "அக்காவை நெனச்சுப் பாருங்க."

அவர் நினைத்துப் பார்த்தார். சோற்றுத் தட்டுக்கு எதிரே அந்தப் பார்வை. பிறகு மடியைப் பார்த்தார். இத்தனை வருடங்களாக அவர் துடைத்து, தேற்றி, தினமும் முதல் வணக்கம் வைத்த கண். மேலாளர் முதலாளியை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"ஐயா" என்று கண் டாக்டர் தொடங்கினார். குரல் உடைந்தது. "கண்ணு அடியோட போயிருச்சுங்க ஐயா. காலையில பூரா நல்ல பாலைப் பாத்துத் தண்ணி தண்ணின்னே சாதிச்சுச்சு, அப்புறம் தண்ணியைப் பாத்துப் பாலுன்னுச்சு. வைத்தியம் பாக்கப் பாக்க மோசமாத்தான் போச்சு. இனி அதை நம்பவே முடியாதுங்க."

"நிச்சயமாத் தெரியுமா?" என்றது போன்.

"என் வேலை மேல ஆணையாச் சொல்றேங்க."

"சரி, தூக்கிப் போடுங்க. புதுசு வாங்கிக்கலாம். டாக்டர் மேல தப்பில்ல."

மேலாளர் மூச்சு விட்டார். மைத்துனன் மின்விசிறியை விட்டு இறங்கிவந்து மாமாவின் தோளைத் தொட்டான். கண் டாக்டர் எழுந்து, மூலையிலிருந்த குப்பைத் தொட்டியில், ஓசை எழாதபடி அந்தக் கண்ணை இறக்கி வைத்தார். வேலை தப்பியது. ஆனாலும், காட்டிக்கொடுத்தவனின் கைகளைப் போல அவருடைய கைகள் கனத்தன. ஸ்பீக்கரை அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கதவு மெல்லத் திறந்தது. வாட்ச்மேன் தொப்பியைக் கையில் பிடித்தபடி தலையை நீட்டினார்.

"சார், ஜீரோ வச்சு முடிச்சிட்டீங்கன்னா, காலையிலேர்ந்து கேட்டுக்கு வெளியவே நிறுத்தி வச்சிருக்கிற பால் வண்டிய இப்பவாவது உள்ள விடலாமா?"