ஒழுகும் குழாயும் ஓர் ஆந்தையும்

இந்த மாதம் முடிவதற்குள் அந்தப் பட்டியலில் தன் பெயர் ஏறாவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாகச் சபதம் செய்தார் கணிப்பொறிக்காரர். அதைக் கேட்ட ஒரே ஆள், தையல் வேலை செய்யும் அவர் மனைவி.

பட்டியல் ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியுடையது. அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கிக் கூட்டிக் கொடுக்கும் நிரல். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். திருத்தமும் எழுதி அனுப்பலாம். பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டால் பெயர் பட்டியலில் ஏறும். அவர் முகம் காட்டாதவர். படத்துக்குப் பதில் ஓர் ஆந்தை. நம்மவரின் திருத்தத்தை அந்த ஆந்தை பதினோரு வாரமாக அடைகாத்துக்கொண்டிருந்தது.

"சமையலறைக் குழாயும் பதினோரு வாரமா ஒழுகுது. எப்பங்க பார்ப்பீங்க?"

"உலகமே என் திருத்தத்துக்குக் காத்திருக்கு. உனக்குக் குழாய்!"

"உலகம் கீழே வாளி வச்சுக்கிட்டா காத்திருக்கு?"

ஆனால் அவளுக்கும் ஆவல் பிறந்துவிட்டது. கத்திரியைக் கீழே வைத்தாள்.

"இதுல யார் வேணா குறை சொல்லலாமா?"

"தாராளமா. அதுவும் சேவைதான்."

"குறை தீர்ந்துச்சான்னு யார் முடிவு பண்றது?"

"சொன்னவங்கதான். அவங்க 'சரி' போட்டாதான் திருத்தம் உள்ளே போகும். அது சட்டம்!"

அந்தச் சட்டத்தை என்னவோ தானே இயற்றியதுபோல் மீசையைத் தடவிக்கொண்டார்.

அவள் கையிலிருந்த திரைச்சீலையின் அளவை அந்த நிரலில் போட்டுப் பார்த்தாள். ஏழு துண்டு, ஒவ்வொன்றும் பன்னிரண்டரைக்கு அரைக்கால் குறைய, அதாவது பன்னிரண்டும் எட்டில் மூன்றும் அங்குலம். டேப் காட்டியதைவிட விடை மூன்று சென்டிமீட்டர் குறைந்தது.

"ஆயிரம் பேர் பார்த்த நிரல்மா. உன் டேப் இழுபட்டிருக்கும்."

"டேப்பு இல்லைங்க. ஒவ்வொரு துண்டுலயும் மிச்சத்தை வெட்டிப் போட்டுட்டுக் கூட்டுது. கூட்டிட்டுல்ல வெட்டணும்?"

நான்கே வரியில் எழுதி அனுப்பினாள். தேநீர் ஆறுவதற்குள் ஆந்தை பதில் போட்டது: "எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. மிக்க நன்றி!" நம்மவருக்கும் ஒரு வரி வந்தது: "உங்கள் திருத்தம் இந்தப் பிழையின்மேல் நிற்கிறது. முதலில் இதைத் தீருங்கள். இரண்டையும் சேர்த்து ஏற்கிறேன்."

மாதம் முடிய நான்கே நாள். மூன்று நாள் தாடியோடு உட்கார்ந்து தீர்த்துவிட்டார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக, தானே தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு மனைவியிடம் போனார்.

"ஒரு 'சரி' போடும்மா. மீசை உன் கையில."

அவள் ஏழு துண்டையும் மறுபடி அளந்தாள். நிரலும் டேப்பும் ஒத்துப்போயின. நிதானமாக எழுதினாள்: "அளவு சரி. ஆனால் திருத்தியவர் வீட்டுக் குழாய் பதினோரு வாரமாக ஒழுகுகிறது. அது நின்றதும் 'சரி' போடுகிறேன்."

"ஐயோ, உலகமே பார்க்குமே!"

"காத்திருக்குன்னீங்களே. பார்க்கட்டும்."

அவர் பாய்ந்து அழிக்கப் போவதற்குள் கீழே ஆந்தையின் பதில் வந்துவிட்டது:

"நியாயமான கோரிக்கை. குழாய் நின்றதற்கு ஆதாரமாகப் படம் ஒன்றை இணைக்கவும்."