பெண் கேட்கப் போய் பானட்டைத் திறந்த கதை

பெண் கேட்கப் போகிறவன் வாயைத் திறக்கலாம், மனதைத் திறக்கலாம், கொண்டுபோன பழக்கூடையைத் திறக்கலாம். பெண்ணின் அப்பாவுடைய காரின் பானட்டை மட்டும் திறக்கவே கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், ஏனென்றால் நான் இஞ்சினியர்.

(இஞ்சினியர் என்றால், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் இயந்திரம் என் பொறுப்பு. லேபிள் கோணலாக விழுந்தால் நேராக்குவேன். கார் இஞ்சினைக் கடைசியாகப் பார்த்தது பாடப்புத்தகத்தில், குறுக்குவெட்டுப் படமாக.)

தாரணியும் நானும் விரும்புவது அவள் அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், அவரும் தெரியாதவர் போலவே இருந்து ஒத்துழைத்தார். நேரில் வந்து நீயே கேள் என்று தாரணி ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டாள். விஜயதசமியில் தொடங்கிய காரியம் ஜெயிக்கும் என்று என் அம்மா நாளும் குறித்துக் கொடுத்தார். அப்படித்தான் புது வெள்ளைச் சட்டையும் பழக்கூடையுமாகக் கடல் பாலம் தாண்டி, தீவிலுள்ள ஜெலுத்தோங்கில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவள் அப்பா காரின் முன்னால் கவலையாக நின்றிருந்தார். பழைய சின்னக் கார், வெள்ளை நிறம். அவர் அதற்கு வைத்திருந்த பெயர் வெள்ளச்சி. முதல் நாள் ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. ஆனால் ஸ்டார்ட் செய்தால் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உதறியது. நேற்றுக் காலைவரை நன்றாகத்தான் ஓடியதாம். பூஜை முடிந்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் நடுக்கம் தொடங்கிவிட்டதாம்.

“தம்பி இஞ்சினியர்தானே? கொஞ்சம் பாருங்க லா,” என்றார்.

எனக்குத் தெரியாது அங்கிள் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் கதவருகே தாரணி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

பானட்டைத் தூக்கி, அதன் மறைவில் கைப்பேசியை எடுத்து, கார் உதறினால் என்ன செய்வது என்று தேடினேன். முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பார் என்றார் காணொளியில் வந்தவர். இஞ்சின் மூடியின் நடுவே சின்னக் கிணறுகள்போல் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிளக். ஒரு வயரைப் பிடித்து இழுத்தேன். அதன் நுனி ரப்பரிலிருந்து எண்ணெய் சொட்டியது. உள்ளே எட்டிப் பார்த்தால் பிளக்கைச் சுற்றி எண்ணெய் தேங்கி நின்றது. காணொளியை மேலும் ஓட்டினேன். பிளக்கில் எண்ணெய் இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், இஞ்சினையே பிரிக்க வேண்டி வரலாம் என்று அவர் சொல்லும்போது, அங்கிள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். நான் சட்டென்று கைப்பேசியைப் பைக்குள் போட்டேன்.

(மீதியைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தேன். எண்ணெய் குழியில் மட்டும் நின்றால் அது மேலிருந்து கசிந்ததுதான், பயப்படாதே. பிளக்கைக் கழற்றி அதன் அடிநுனியும் நனைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு பிஸ்டனைப் பற்றிப் பேசு என்று அந்தப் புண்ணியவான் தெளிவாகவே சொல்லியிருந்தார்.)

“இஞ்சின் உள்ளே தேஞ்சி போச்சு, அங்கிள்,” என்றேன், ஆபரேஷன் முடித்து வெளியே வரும் டாக்டரின் முகத்தோடு.

அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இஞ்சின் ஆயில் மாற்றி ரொம்ப நாளாகிவிட்டதே, அது கறுப்பாக அல்லவா இருக்கும், இது பொன்னிறமாக இருக்கிறதே என்றார். எந்த மடையனும் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. அழுக்கெல்லாம் உள்ளேயே எரிந்துவிடுகிறது, நல்ல எண்ணெய் மட்டும் மேலே வருகிறது என்று விளக்கம் சொன்னேன். விஞ்ஞானம் அன்று ஜெலுத்தோங்கில் தலை குனிந்து நின்றது.

பாவம், அவர் நம்பிவிட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டப்படும். காரின் கூரையைத் தடவிக்கொடுத்தார். தாரணி பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தது வெள்ளச்சிதானாம்.

“அவ கல்யாணத்துக்கும் இதுலதான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவணும்னு வச்சிருந்தேன், தம்பி,” என்றார்.

கல்யாணம் என்ற பேச்சை அவரே எடுத்துவிட்டார். ஆனால் நான்தான் சற்று முன் அந்தக் கல்யாணக் காரைச் சாகடித்திருந்தேன். நான் வந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். இன்றைக்கு மனசு சரியில்லை, இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார். தாரணி என்னைப் பார்த்த பார்வையில், அந்த இன்னொரு நாள் எனக்கு இருக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது.

அப்போதுதான் அவள் அம்மா தேநீரோடு வந்தார். எண்ணெய்க் கையோடு கோப்பையை எப்படி வாங்குவது என்று நான் விழிக்க, தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தார். துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியவர் துண்டை மூக்கருகே கொண்டுபோனார். ஒருமுறை முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார்.

“என்னங்க, இது நல்லெண்ண வாசம்லா. நேத்து வெளக்க எங்க வச்சீங்க?”

நடந்தது இதுதான். பூஜைக்கு அகல் விளக்கைக் காரின் முன்னால் தரையில் வைக்கும்படி தாரணியின் அம்மா, அதாவது ஆண்டி, சொல்லியிருக்கிறார். அங்கிளுக்கு அதில் உடன்பாடில்லை. உழைப்பது இஞ்சின், மரியாதை தரைக்கா என்பது அவர் கட்சி. ஆண்டி கற்பூரம் எடுக்க உள்ளே போன நேரத்தில் பானட்டைத் திறந்து விளக்கை இஞ்சின் மூடி மேலேயே வைத்துவிட்டார். அது சாய்ந்தது. மேலே சிந்தியதை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் பானட்டை மூடிவிட்டார். வேட்டி நுனி எட்டாத குழிகளுக்குள் நல்லெண்ணெய் பத்திரமாக இறங்கியிருந்தது.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது, அங்கிள் என்னைப் பார்த்த பரிதாபமான பார்வை மட்டும்தான். பெண் கேட்க வந்தவனிடம் பெண்ணின் அப்பா அடைக்கலம் கேட்கிறார். எனக்கும் நெஞ்சு உருகிவிட்டது. (என் பிஸ்டன் தீர்ப்பைக் காப்பாற்றும் ஆசையும் கொஞ்சம் கலந்திருந்தது.)

“இல்ல ஆண்டி, சில இஞ்சின் ஆயிலுக்கு இந்த வாசம் வரும்,” என்றேன்.

தினமும் அந்த எண்ணெயில் சமைக்கிறவர் என்னையும் பார்த்தார், தன் கணவரையும் பார்த்தார்.

“இவரு வெளக்கு வச்ச எடத்த சொல்ல மாட்டாரு. நீங்க கண்ணு முன்னால இருக்கறத ஒத்துக்க மாட்டீங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கீங்க. இனிமே எதுக்குங்க ஜாதகம் பாக்கணும்?”

முதலில் சிரித்தது அங்கிள்தான். வெள்ளச்சி பிழைத்த சந்தோஷத்தில் அவர் எதற்கு வேண்டுமானாலும் சம்மதித்திருப்பார்; என் கல்யாணம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் போர்மேன் (எங்கள் ஊரில் கார் என்றால் காடி, மெக்கானிக் என்றால் போர்மேன்) குழிகளிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எடுத்து, ஊறிப்போன வயர்களை மாற்றிக் கொடுத்தார். தாரணி கோயிலுக்குக் கல்யாணப் பெண்ணாக வெள்ளச்சியில்தான் வந்து இறங்கினாள். மாலையோடு நின்ற என் காதில், உள்ளே தேய்ந்த இஞ்சின் வந்துவிட்டது மாப்பிள்ளை என்று மாமா கிசுகிசுத்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நல்லெண்ணெய்க்குப் பெயரே இஞ்சின் ஆயில்தான். இட்லிப் பொடிக்கு இஞ்சின் ஆயில் ஊற்றவா என்று அத்தை முகம் மாறாமல் கேட்பார், நானும் ஊற்றச் சொல்லுவேன். போன வாரம் சூலியா தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு முதல்முறையாகப் போனவன், பழக்கதோஷத்தில் ரெண்டு போத்தல் இஞ்சின் ஆயில் கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடைக்காரர் திகைக்கவே இல்லை. நேராகப் போய் நல்லெண்ணெய்ப் போத்தல்களை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

“ஜெலுத்தோங் அண்ணன் மருமகன்தானே நீங்க?” என்றார். “இட்லிக்கா, காடிக்கா?”