நாச்சியாருக்கு ஒரு அவசர விசா

மருதுபாண்டி மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றார். சால்வை போட்டார்கள், மோதிரம் போட்டார்கள், எல்லாரும் சேர்ந்து நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். ஓய்வை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கே மனைவி நாச்சியார் அவரை எழுப்பிவிட்டாள்.

"சும்மாதான இருக்கீக, பால வாங்கிட்டு வந்துருங்க."

அந்தச் "சும்மாதான இருக்கீக" பதினான்கு மாதமாக ஓய்ந்தபாடில்லை. சும்மாதான இருக்கீக, தேங்காய உரிங்க. சும்மாதான இருக்கீக, மாவு அரைச்சுட்டு வாங்க. சும்மாதான இருக்கீக, பரண்ல ஏறி அந்தப் பெரிய அண்டாவ எடுத்துத் தாங்க. எடுத்துக் கொடுத்தால் அண்டா இது இல்லை, அதற்குப் பின்னால் இருப்பது. கரண்டு கம்பத்தில் ஏறிக் கிடந்த காலத்தில்கூடக் கீழே இருந்து இவ்வளவு ஏவல் வந்ததில்லை. காரைக்குடி கழனிவாசலில் இருக்கும் அந்த வீட்டுக்கு மெயின் சுவிட்ச் நாச்சியார். இவர் வெறும் பல்பு. போட்டால் எரிய வேண்டும். எரிந்து எரிந்து மனுஷருக்கு அலுத்துப்போயிருந்தது.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை காலையில் சிங்கப்பூரிலிருந்து மகள் கீர்த்தியின் போன் வந்தபோது, நாச்சியாருக்கு அது கஷ்டச் செய்தியாகக் கேட்டது. மருதுபாண்டிக்கு வேறு மாதிரி கேட்டது.

கீர்த்திக்கு மூன்றரை வயதில் இரட்டைப் பையன்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பணிப்பெண், தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று சொந்த ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டாள். மருமகன் கோபிநாத்தை ஆபீஸில் ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த வியாழக்கிழமை பயணம். புதுப் பணிப்பெண் வந்து சேர ஆறு வாரமாகும்.

"அம்மா, புதன்கிழமைக்குள்ள யாராச்சும் வந்தாகணும். எனக்கு வேற வழி தெரியல" என்றாள் கீர்த்தி. அழுது முடித்துவிட்டுப் பேசுகிற குரல்.

நாச்சியார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போன விசா முடிஞ்சு எட்டு மாசமாச்சேடி. புதுசா எடுக்கணும்ல. நடுவுல சனி ஞாயிறு வேற வருது."

"விசாவ நா எடுத்துத் தாரேன்" என்றார் மருதுபாண்டி.

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. ஒரு வேலையை இவராக முன்வந்து செய்கிறேன் என்று சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"அம்மா, அப்பாவா பேசுறது?" என்று கேட்டாள் கீர்த்தி.

அவர் போட்ட திட்டம் ஒன்றும் பிரமாதமானதல்ல. சீட்டாட்டம், ஊர் சுற்றல் என்றெல்லாம் ஆசைப்படுகிற வயது தாண்டிவிட்டது. ஆறு வாரம். நாற்பத்திரண்டு நாள். கட்டிலில் நீட்டிப் படுக்க வேண்டும். தேங்காயைத் தேங்காயாகவே விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். அதை நினைத்தபோதே அவருக்குக் கண் சொருகியது.

ஆனால் நாச்சியார் லேசில் கிளம்புகிறவளாகத் தெரியவில்லை.

"எனக்குன்னா மலைப்பா இருக்குங்க. ஒன்னு அங்குட்டு ஓடும், ஒன்னு இங்குட்டு ஓடும். பதினாறாவது மாடி வேற. போன தடவ பயலுகளுக்கு அம்மை போட்டப்பப் போயி, வந்து மூணு மாசம் முட்டிக்குத் தைலம் தேச்சேன்."

"அங்க என்ன வேல கெடக்கு? துணிய மிசினு தொவைக்குது. பட்டன அமுக்குனா சோறு வெந்துருது. பயலுகள சாயங்காலம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாப் போதும். இதெல்லாம் ஒரு வேலையா? நானே போயிருவேன். என்னைய யாரு கூப்புடுறா?"

நாச்சியார் கையிலிருந்த போனைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். சம்மதம் வந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"அப்பச் சரி. எடுங்க விசாவ" என்றாள். "சினேகாகிட்ட நா போன்ல பேசிக்கிறேன். நீங்க அலைச்சல மட்டும் பாத்துக்கங்க."

சினேகா செக்காலை ரோட்டில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பெண். நாச்சியாருக்கு முன்பு மூன்று முறை விசா எடுத்துக் கொடுத்தவள்.

அன்றைக்குப் பத்து மணிக்கே ஸ்டூடியோ. நாச்சியாரும் வந்தாள். அவளை எடுத்து முடித்ததும், "நீங்களும் ஒக்காருங்க" என்றாள்.

"நா எதுக்கு?"

"புருசன் போட்டோவும் கேக்குறாகளாம். யாரு எவருன்னு பாப்பாகல்ல."

உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார் போட்டோக்காரர். சிரிக்கக் கூடாது என்றார். அதற்கு மருதுபாண்டிக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. முப்பத்தோரு வருஷக் குடித்தனப் பழக்கம் கைகொடுத்தது.

கழற்றிய கண்ணாடியை ஸ்டூடியோவிலேயே மறந்துவிட்டுத்தான் சினேகாவின் ஆபீஸுக்குப் போனார். நான்கு பக்கப் படிவம், எல்லாம் பொடி எழுத்து. பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களைச் சினேகா காட்டினாள்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்."

"ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருசம் கையெழுத்துப் போட்டவன்மா நா. படிச்சா போட்டேன்?"

புருஷன் கையெழுத்தும் கேட்பார்கள் போல என்று போட்டார். நாச்சியார் கொடுத்தனுப்பிய நீலக் கவரை அப்படியே நீட்டினார். அதற்குள் இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் நாச்சியார் சொன்னாள் என்று எடுத்த அவருடைய பாஸ்போர்ட் இன்னும் ஒரு முத்திரையைக்கூடப் பார்க்கவில்லை. இருக்கட்டும், சேர்ந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சினேகா போன் செய்தாள்.

"சார், பாஸ்போர்ட்ல உங்க பேர்ல மருதுவுக்கு டி போட்டிருக்கு. கீர்த்தி மேடம் அனுப்புன அழைப்புக் கடிதத்துலயும் டி போட்டிருக்கு."

"சரியாத்தானம்மா இருக்கு."

"இல்ல சார். இது டீக்கடைக்கு வர்ற டி. அது டில்லிக்கு வர்ற டி."

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே டிதான். வெள்ளைக்காரன் ஒரு எழுத்தை இரண்டாகப் பிரித்துவிட்டுப் போனதற்குக் காரைக்குடியில் ஒரு மனுஷன் வெயிலில் அலைய வேண்டியிருந்தது. இரண்டு மருதுபாண்டியும் ஒரே ஆள்தான் என்று வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, மாலை ஐந்துக்குள் கொடுத்தாக வேண்டும். விட்டால் திங்கள்கிழமைதான். திங்கள் ஆனால் புதன் நடக்காது.

செருப்பை மாட்டும்போது அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"போறது நீ. எம்பேரு எப்படி இருந்தா அவுகளுக்கு என்ன?"

"மகளுக்கு இனிசியலு உங்களோடதா, என்னோடதா?" என்றாள் நாச்சியார், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல். "பெத்தது நாச்சியார்னு எந்த இனிசியல்லயாச்சும் எழுதிருக்கா?"

நியாயமான கேள்வி. குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கோர்ட்டுக்கு எதிரே நோட்டரி வக்கீல் கார்த்திகேய சிவம் இருந்தார். டைப் அடிக்கிற பெண் காதுகுத்துக்குப் போயிருந்தாள். மருதுபாண்டி மூன்றரை மணி வரை ஒரு கால் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் கையில் தாம்பூலப் பையோடு வந்து, தண்ணீர் குடித்து, காதுகுத்தில் போட்ட சாப்பாட்டைப் பற்றிச் சொல்லி முடித்து, பிறகு அடித்தாள்.

வக்கீல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இந்த மருதுபாண்டியும் அந்த மருதுபாண்டியும் ஒரே ஆளுதான்னு உறுதி சொல்றீகளா?"

"சொல்றேன்."

"ரெண்டு பேரும் வந்திருக்கீகளா?"

"வந்திருக்கோம்" என்றார் மருதுபாண்டி. அவருக்கு உண்மையிலேயே இரண்டு ஆள் களைப்பு இருந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சினேகாவின் கையில் காகிதத்தைக் கொடுத்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாச்சியார் அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். பருப்புச் சோற்றைக் குழையக் குழைய வடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். மிளகாய் கிள்ளிப் போடப் போனவரின் கையைத் தட்டிவிட்டாள்.

"காரம் ஆகாது."

"எனக்கா?"

"வயித்துக்கு. நெய்ய ஊத்தி நல்லா மசிங்க. இட்லிய இப்படிப் பொடிசாப் பிச்சு வைக்கணும். தொண்டையில அடைச்சுக்கிராது."

தனியாக இருக்கப் போகிற புருஷன் மேல் இவ்வளவு கரிசனமா என்று அவருக்கு ஒரு பக்கம் குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது. பேசாமல் பிசைந்தார். திங்கள்கிழமை சந்தைக்கும் கடைக்கும் நான்கு நடை போய் முறுக்கு, சீடை, வற்றல் எல்லாம் வாங்கி வந்து கொடுத்தார். நாச்சியார் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி அடுக்கினாள். கீர்த்தி அங்கிருந்தே விமான டிக்கெட் போட்டுவிட்டதாகவும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு விசா வந்துவிட்டது. மருதுபாண்டி அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு ஓடினார். சினேகா கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். இந்தமுறை அவர் கண்ணாடி போட்டிருந்தார்.

"தங்கச்சி, போட்டோ மாறிப்போச்சும்மா."

"இல்ல சார்."

"என் மூஞ்சியில்ல இருக்கு."

"உங்க விசாதான சார்."

"பேரும் எம்பேரு போட்டிருக்கு."

"டீக்கடை டி. பாஸ்போர்ட்ல உள்ளபடி சரியா வந்திருக்கு சார்" என்றாள் சினேகா பெருமையாக. "அம்மா வியாழக்கிழமை காலையிலயே சொல்லிட்டாகளே, இந்தத் தடவ சார்தான் போறாருன்னு. அவுக போட்டோவெல்லாம் நாங்க கேக்கவே இல்ல. நாளைக்குப் பதினொன்றரைக்குத் திருச்சியில பிளைட்டு. டிக்கெட்டும் உங்க பேர்லதான். திருப்பிக் குடுத்தா ஒரு பைசா வராது சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அல்வாவை அவள் பக்கம் தள்ளிவைத்தார். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

வீட்டில் பெட்டி கூடத்துக்கு வந்திருந்தது. திறந்தார். நான்கு வேட்டி, எட்டுச் சட்டை, அவருடைய பிரஷர் மாத்திரை, மடித்து வைத்த குற்றாலத் துண்டு. தாளை அவள் முன்னால் வைத்தார்.

"நாச்சியா, இது என்ன?"

"விசா. சீக்கிரமா வந்துருச்சே. கெட்டிக்காரருதான் நீங்க."

"உனக்குத்தான நா எடுக்கப் போனேன்."

"நானே போயிருவேன், யாரு கூப்புடுறான்னு கேட்டீகல்ல? கீர்த்தி கூப்புட்டுச்சு. லைன கட் பண்ணாமத்தான் வச்சிருந்துச்சு."

நாச்சியார் பக்கத்து நாற்காலியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒக்காருங்க. ஒன்னு கேக்குறேன். ஒரு வாரமா வெயில்ல இப்படி ஓடுனீகளே, எதுக்கு? மகளுக்குக் கஷ்டம்னா?"

அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"நா போகணும்னுகூட இல்ல. நா இங்க இருக்கக் கூடாது. அதான?" அவள் குரலில் கோபம் இல்லை. "தப்புன்னு சொல்லல. எனக்கும் அதே ஆசதான். மூணு தடவ அங்க போனேன். இங்க இருந்தா நீங்க, அங்க போனாப் பயலுக. ஒரு நா ஒத்தப் பொழுது யாருக்கும் சோறு வைக்காம இருந்து பாக்கணும்னு எனக்கும் இருக்காதா? நீங்க வீட்டுல ஒக்காந்த இந்தப் பதினாலு மாசம் உங்களுக்கு மட்டுமா அலுப்பு?"

இப்படி ஒரு கோணம் இருப்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கும் அலுக்கும் என்பதை ஏதோ புதிதாக வந்த சட்டம் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேராக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா போவீகளா?"

யோசித்தார். "மாட்டேன்."

"அதான்."

அந்த நேரம் பார்த்துக் கீர்த்தி வீடியோவில் வந்தாள். திரை முழுக்க ஒரு சின்ன மூக்கு. அதைத் தள்ளிவிட்டு இன்னொரு மூக்கு. "தாத்தா, நாளைக்கா வார?" என்று இரண்டு மூக்கும் சேர்ந்து கேட்டன. இதுவரை அந்தப் பயல்கள் போனில் அம்மாச்சி, அம்மாச்சி என்றுதான் தேடுவார்கள். அவரை யாரும் தேடியதில்லை. பின்னால் கீர்த்தி, கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், தலை வாராமல் நின்றாள்.

"நாளைக்குத்தான்டா" என்றார் மருதுபாண்டி. வேறு என்ன சொல்ல முடியும்.

புதன்கிழமை காலையில் கார் வந்தது. நாச்சியார் அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, முட்டி வலிக்கிறது என்று வாசலோடு நின்றுகொண்டாள். கார் திரும்புவதற்குள் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

திருச்சி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும் அதிகாரி, புத்தம்புதிதாக இருந்த பக்கங்களைப் புரட்டினார்.

"முதல் பயணமா? எதுக்குப் போறீங்க?"

"பேரப்பிள்ளைகளப் பாக்க."

"எத்தனை நாள்?"

"ஆறு வாரம்."

"வீட்டம்மா கூட வரலையா?"

மருதுபாண்டி பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார்.

"அவுக லீவுல இருக்காக சார்."