சோப்பு அண்ணாச்சியும் ரோஸ் பஞ்சுமிட்டாயும்

விருதுநகர் பஜாரில் சோப்பு அண்ணாச்சியைக் கண்டு நடுங்காத மிட்டாய்க் கடைக்காரர் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் கருவாட்டுக் கடைதான் வைத்திருப்பார்.

தீப்பெட்டிக் கம்பெனிகளுக்குச் சாயப்பொடி விற்கும் கடையில் அண்ணாச்சி சேல்ஸ்மேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு பார்சோப்பு. கலராக எந்தப் பலகாரத்தைப் பார்த்தாலும் ஒரு விள்ளல் எடுத்துத் தன் வெள்ளை வேட்டியில் தேய்ப்பார். தண்ணீர் விட்டு, சோப்புப் போட்டுக் கசக்குவார். கறை போகவில்லையா, தீர்ந்தது கதை.

"யோவ், வேட்டிய விட்டே போக மாட்டேங்குது, பிள்ளைக வயித்த விட்டு எப்படிய்யா போகும்?"

ரெண்டு தெருவுக்குக் கேட்கும். யாராவது ஆதாரம் கேட்டால் வேட்டியைத் தூக்கி, "இது பஸ் ஸ்டாண்டு ஜிலேபி, இது பச்சைப் பட்டாணி" என்று முழங்காலிலிருந்து வரிசையாகக் கறைகளைக் காட்டுவார்.

ஒரு கல்யாண வீட்டில் எலுமிச்சைச் சோற்றை இப்படித் தேய்த்தார். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவப்பாகிவிட்டது. "விஷம்! விஷம்!" என்று அலறினார் பாருங்கள், பாதிப் பந்தி எழுந்துவிட்டது. சமையல்கார அம்மாள் கரண்டியோடு வந்தார்.

"அட கூறுகெட்ட மனுசா, மஞ்சத்தூள்ல சோப்புப் பட்டா செவக்காம என்ன செய்யும்? வீட்டுல ஒரு நாளாவது துணி தொவச்சிருக்கீகளா?"

அன்றோடு அவர் பேச்சு ஊரில் எடுபடாமல் போனது.

அப்புறம் வந்தது போன ஆடி வெள்ளி. இருக்கன்குடி கோயில் பக்கம் எள் போட்டால் எள் விழாத கூட்டம். என் ஐந்து வயது மகள் கையில் அவள் தலையைவிடப் பெரிய ரோஸ் பஞ்சுமிட்டாய். ஒரு வாய்தான் வைத்தாள். எங்கிருந்தோ ஒரு கை வந்து அதைப் பறித்தது. பிள்ளை வீரிட்டாள். பார்த்தால் அண்ணாச்சி!

"துப்பு தாயி, துப்பு!" என்று அவள் தாடையைப் பிடித்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறி, அவர் காலரைப் பிடித்துவிட்டேன். "பிள்ள பிடிக்கிறவன்டா!" என்று எவனோ குரல் விட்டான். அவ்வளவுதான், பத்துப் பேர் வளைத்துக்கொண்டார்கள். ஒருத்தன் பெல்ட்டைக் கழற்றினான். "தெரிஞ்சவருங்க, விட்டுருங்க!" என்று கத்துகிறேன், மேளச் சத்தத்தில் யார் காதில் விழும்?

அண்ணாச்சி ஓடவில்லை. வழக்கம்போல் சோப்பை எடுத்தார். "இதுவும் மஞ்சத்தூள் கதைதானா?" என்று நம்மூர்க்காரர் ஒருத்தர் சிரித்தார். முதல் அடி அண்ணாச்சியின் தோளில் விழுந்தது.

அண்ணாச்சி சோப்பை வீசி எறிந்தார். பஞ்சுமிட்டாய் வண்டிக்காரனைக் கை காட்டினார்.

"ஏலே, இது தீக்குச்சிக்குப் போடுற சாயம்லே! தீப்பெட்டி ஆபீசுக்குன்னு சொல்லி இவன் நேத்து வாங்குனான். நாந்தாம்லே பொட்டலம் கட்டிக் குடுத்தேன்! இங்கன வந்து பாத்தா சீனியில கலக்குதான். நான் வித்தது அம்புட்டும் பிள்ளைக வாய்ல போகுதுலே!"

அவர் குரல் உடைந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். வண்டி நின்றது, ஆளைக் காணோம். சக்கரத்தின் அடியில் அண்ணாச்சி வேலை பார்க்கும் கடையின் பேர் போட்ட பொட்டலம் கிடந்தது. தாய்மார்கள் அவரவர் பிள்ளை கையிலிருந்ததைத் தட்டிவிட்டார்கள். பெல்ட்டைக் கழற்றியவனும் தன் மகனைத் தேடி ஓடினான்.

மறுநாளே முதலாளி, "கடைப் பேரச் சந்திக்கு இழுத்துட்டீக" என்று அண்ணாச்சியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார்.

"பாப்பாவுக்கு வாந்தி கீந்தி இருந்துச்சா? தடிப்பு எதுவும்?"

"டாக்டர்ட்ட காட்டியாச்சு அண்ணாச்சி. ஒரு வாய்தான, பயமில்லன்னாரு. அடிக்கடி தின்னா ஈரலுக்கே கேடாம். ஆனா உங்க வேல..."

"வேல கெடக்கு. பிள்ள நல்லாருக்கால்ல? உள்ள வாங்க. சாப்பிட்டீகளா?"

இந்த மனுஷனின் காலரையா பிடித்தேன் பாவி! என் மகளுக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.