பிண்ணாக்குத் தொட்டியின் பெருமை

பொறுமையற்றவர் மீன் வளர்க்கலாம். மீனை வைத்து ஆய்வு செய்யலாகாது. நான் இரண்டையும் செய்தேன்.

எண்பதுகளின் இறுதியில், குரோம்பேட்டை வாடகை வீட்டின் கொல்லையில் எனக்கு இரண்டு சிமெண்டுத் தொட்டிகள் இருந்தன. இரண்டிலும் ஜிலேபிக் கெண்டை. ஒன்றுக்கு மீன்தூள் கலந்த தீனி. மற்றதற்குக் கடலைப் பிண்ணாக்கும் சோயாவும் மட்டுமே. தாவரத் தீனியால் மீனின் இனப்பெருக்கம் குன்றுமா என்பதே என் எம்.ஃபில். ஆய்வு. குன்றாது என்று நிறுவத் துடித்தேன். (சைவக் குடும்பத்து மருமகள், நடுநிலைமைக்கு அதற்குமேல் இடமில்லை.)

இம்மீன் முட்டைகளை வாயில் வைத்தே அடைகாக்கும். வீட்டிலிருக்கும் நேரமெல்லாம், எதன் வாய் உப்பியிருக்கிறதென்று பார்க்கக் கொல்லைக்கு ஓடுவேன். பால் பொங்கும், சோறு தீயும், நான் திரும்பேன். மூன்றாம் மாதம், பிண்ணாக்குத் தொட்டியில் தாய்மீன்கள் வாய் கொள்ளாத முட்டைகளுடன் திரிந்தன. பேராசிரியர் ஒருமுறை நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால், மறுவாரமே ஆய்வேட்டை ஒப்படைத்துவிடலாம்.

வந்தார். ஒரு மீனின் வாயைத் திறந்தார்.

"வெறும் பிண்ணாக்குலயா இவ்ளோ முட்டை?"

"வெறும் பிண்ணாக்குதான் சார்!"

மதில்மேல் பக்கத்து வீட்டு ரோசி அக்காவின் தலை எழுந்தது.

"சார், நீங்களே நாயம் சொல்லுங்க. அந்தத் தொட்டி மூத்தாளுக்குக் கருவாடு, இந்தத் தொட்டி இளையாளுக்குப் பிண்ணாக்கா? இன்னா சார் ஓரவஞ்சன இது! புள்ளத்தாச்சிங்க, பாவம். மனசு கேக்கல. இந்தப் பொண்ணு காலேஜ் போனதும் டெய்லி ஒரு புடி நெத்திலிக் கருவாட்டுப் பொடி நான்தான் போட்டுகினு கீறேன்."

பேராசிரியர் மீனை மெல்ல நீரில் விட்டார்.

"எத்தன நாளாம்மா?"

"மீனு வந்த நாளா சார்."

கையெழுத்துக்கு நீட்டியிருந்த ஏட்டை நான் மூடினேன்.

"வல போட்டு மூடிட்டு, மொதல்லேருந்து ஆரம்பிம்மா," என்றார் பேராசிரியர். சிரிப்பை அடக்கத் தெருவரை நடந்தார்.

வலையிட்டு, மீண்டும் ஆறு மாதம் ஓடினேன். இம்முறை பிண்ணாக்குத் தொட்டியில் முட்டை சொற்பமே. ரோசி அக்கா ஒரு பிடிப் பொடியில் கண்ட உண்மையை எழுபது பக்கங்களில் எழுதிப் பட்டம் பெற்றேன்.

பின்னர் நான் கருவுற்ற செய்தி பரவிய அன்றே மதில்மேல் ஒரு மூடிய கிண்ணம் இருந்தது. (உள்ளே என்னவென்று மாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

இப்போது கோவிலம்பாக்கத்தில் மூன்றாம் மாடி, மதிலில்லை. ஆயினும் நான் கீரைக்கூட்டு மட்டும் வைத்த நாளில், இந்தக் கதை கேட்டே வளர்ந்த என் மகள் தட்டுடன் சன்னலுக்குப் போய்க் கூவுகிறாள்:

"ரோசி ஆன்ட்டி! இளையாளுக்குப் பிண்ணாக்கு!"