ஐம்பது பல்

விர்ர்ர் என்று மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுகிறவரைக்கும்தான் குழந்தைவேலுக்குச் சுதந்திரம்.

சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அரியலூர் வீட்டில் பகலெல்லாம் போர்வைக்குள் கிடக்கிற மனிதர் அவர். அன்று போர்வைக்குள் போனும் இருந்தது. போனின் மறுமுனையில் பெரம்பலூர் மெக்கானிக் ராஜேஷ். சமையலறையில் வளர்மதி சட்னி அரைக்கிற சத்தத்தை நம்பி, குழந்தைவேல் கத்திக்கொண்டிருந்தார்.

"அதையெல்லாம் எதுக்கு இன்னும் வச்சிருக்க? பழைய பல்லைக் கழட்டி வீசு! அம்பது பல்லா மாட்டிடு!"

'அதையெல்லாம்' என்ற இடத்திலேயே மிக்ஸி நின்றுவிட்டிருந்தது.

போர்வையின் ஓரம் மெதுவாக விலகியது. வளர்மதியின் முகம் எட்டிப் பார்த்தது.

"யாருக்குங்க பல்லு?"

விஷயம் இதுதான். மாமனார் கல்யாணச் சீராகக் கொடுத்த பைக் ஒன்று இருபத்திரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. 'எங்கப்பா குடுத்தது, ஒரு திருகாணி மாறுனாலும் நான் பொறந்த வூட்டுக்குப் போயிடுவேன்' என்பது வளர்மதி போட்ட சட்டம். அந்த வண்டியைத்தான் திருகாணி முதல் டயர் வரை மாற்றி, மண்ணில் பாய்கிற டர்ட் பைக்காக ஆக்கச் சொல்லி ராஜேஷ் பட்டறையில் ரகசியமாக விட்டிருந்தார். பின்பக்கப் பல்சக்கரத்தில் பல் கூடினால் இழுவை கூடும். அதற்குத்தான் அந்த ஐம்பது.

பெரம்பலூர் தாண்டி, ரஞ்சன்குடிக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கிற ஏரியில், வருகிற ஞாயிறு பத்து மணிக்கு மண் ரேஸ். நாற்பத்தேழு வயதில், ஒரே ஒரு தடவை, இரண்டு சக்கரமும் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டுக்கும் ஆலைக்கும் நாற்பது வேகத்தில் போய்வந்தே தேய்ந்துபோன மனிதருக்கு வேறு எந்த ஆசையும் மிச்சமில்லை.

"எனக்குத்தான்" என்றார்.

"உங்களுக்கா? அம்பதா? மனுசனுக்கு முப்பத்திரண்டுதானே?"

"அது... ஸ்பேரோட சேத்து."

"அவ்ளோ வலிக்குதா?"

"உசுரு போவுது வளரு."

"அப்பறம் எதுக்கு உங்களுக்குத் தோசை?"

அவள் கையிலிருந்த தோசைத் தட்டு திரும்பிப் போனது. கஞ்சி வந்தது. அன்றிலிருந்து எல்லா வேளையும் கஞ்சிதான். புதன்கிழமை நாட்டுக்கோழிக் குழம்பு வாசனை தெருமுனை வரை போனது. அவர் முன்னால் ஒரு கிண்ணம் நொய்க்கஞ்சி வந்து உட்கார்ந்தது.

"ஒரே ஒரு எலும்பு வளரு. சும்மா சப்பிக்கிறேன்."

"பல்லு ஆடிப்போயிடுங்க. அம்பதும் வரட்டும், அப்பறம் ஆட்டையே கடிங்க." ஈரலை வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள். "ஆமா, வண்டி எங்க? ஆளையே காணோம்?"

"ஆலை ஸ்டாண்டுல நிக்குது. பல்வலியோட வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கம்பெனி பஸ்லதான் வரேன்."

"டாக்டர் பேரு?"

யோசிக்க நேரமில்லை. "ராஜேஷ்."

மறுநாள் சாயங்காலம் கண் விழித்தபோது வளர்மதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய போன் அவள் மடியில் இருந்தது.

"டாக்டர் ராஜேஷ் பேசுனாரு. நீங்க தூங்கிட்டிருந்தீங்க, நானே எடுத்தேன்."

குழந்தைவேல் போர்வையை உதறி எழுந்து உட்கார்ந்தார். "என்ன... என்ன சொன்னாரு?"

"பல்லு வந்துடுச்சாம். செயினும் சேத்து மாத்தணுமாம். பல்லுக்கு எதுக்குங்க செயினு?"

"ஒண்ணோட ஒண்ணு கட்டி வைக்க. இல்லேன்னா தூக்கத்துல முழுங்கிடுவோம்ல?"

"ஓ. ஆயில் மாத்தட்டுமான்னு கேட்டாரு."

"அது... வாய் கொப்பளிக்கிற நல்லெண்ணெய்."

"மாத்திடுங்கன்னு சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். எழுந்து போய் டீ போட ஆரம்பித்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகியும் அந்த முகத்தை அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. வெள்ளி போனது. சனிக்கிழமை பகலில் தூக்கத்தில் நாலு தடவை திடுக்கிட்டு, பிறகு கட்டையாகத் தூங்கிப்போனார்.

ஞாயிறு விடிந்து அவர் ஷிப்ட் முடிந்து வரும்போதே வளர்மதி பையோடு நின்றாள்.

"ஆண்டிமடம் போறேங்க. அம்மா வூட்டு முந்திரிக்காட்டுல பழம் கொட்டிக் கெடக்குதாம், பொறுக்க ஆளில்ல. நீங்க போய்ப் பல்லை மாட்டிக்கிட்டு வாங்க."

குழந்தைவேலுக்குக் குல தெய்வமே நேரில் வந்து வழிவிட்டது போல இருந்தது. பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்காலை இறுக்கி, இல்லாத கியரை நாலைந்து தடவை மாற்றிப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

ஒன்பதே கால் மணிக்குப் பட்டறையில் கால் வைத்தார். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

"டேய் ராஜேஷ், வண்டி எங்கடா?"

"என்னண்ணே வெளயாடுறீங்க? அக்கா நேத்தே வந்து குட்டியானை வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களே!"

"எந்த அக்கா?"

"உங்க வூட்டு அக்காதான். அன்னிக்குப் போன்லயே பட்டறை எங்கன்னு கேட்டு வச்சிருந்தாங்க. நீங்க தூங்குறீங்க, நீங்கதான் அனுப்புனீங்கன்னாங்க. பின்னால மூட்டை ஏத்த கேரியர் கேட்டாங்க. ரேஸ் வண்டிக்கு எதுக்குக்கா கேரியருன்னேன். அப்பதான் ரேஸா, எங்க, எப்பன்னு விசாரிச்சாங்க. நல்லா சிரிச்ச மொகமா விசாரிச்சாங்கண்ணே."

ரேஸுக்கு இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம். வளர்மதிக்குப் போன் போட்டார்.

"வளரு... வண்டி..."

"இங்கதாங்க நிக்குது. பொறப்பட்டு வாங்க. கொட்டை திருக ஆள் பத்தல."

மூன்று பஸ். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் மணி பன்னிரண்டைத் தாண்டியது. ஏரியில் புழுதிகூட அடங்கியிருக்கும்.

முந்திரிக்காட்டில் மாமியார் பொன்னம்மாள், "வாங்க மாப்ள" என்று வாய் நிறையச் சொல்லி ஒரு கூடைப் பழத்தை அவர் பக்கம் தள்ளினார். குழந்தைவேல் மரநிழலில் உட்கார்ந்து பழத்திலிருந்து கொட்டையைத் திருகத் தொடங்கினார். கை பிசுபிசுத்தது.

மணல் தடத்தில் செம்புழுதி எழுந்தது. மண்ணைக் கவ்வுகிற பட்டன் டயரும், தூக்கி நிறுத்திய மட்கார்டுமாக அவருடைய வண்டி வந்தது. மேலே வளர்மதி. சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, பின்னால் ரெண்டு மூட்டை. வரப்பு வந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டு சக்கரமும் தரையை விட்டு ஒரு முழம் எழும்பின. மூட்டையோடு எழும்பின. தொப்பென்று இறங்கி வந்து நின்றாள்.

"எங்கப்பா குடுத்த வண்டி பாத்தீங்களா? போன வருசம் இதே மணல்ல பொதைஞ்சு நின்னுச்சு."

குழந்தைவேல் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வளரு, ஒரே ஒரு சுத்து."

"தாராளமா!" மூட்டையை இறக்கிவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் தடவை அவர் கால் சீட்டைத் தாண்டவில்லை. இரண்டாம் தடவை மாமியார் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்தார். ஏறிவிட்டார். ஆனால் கீழே பார்த்தால் இரண்டு காலும் காற்றில் தொங்கின. வண்டியை ஒரு சாண் உயர்த்தச் சொல்லி ராஜேஷை விரட்டியது அவரேதான். உட்கார்ந்து பார்க்கத்தான் மறந்துபோனார். கல்யாணப் போட்டோவில் செங்கல் மேல் ஏறி நின்று வளர்மதிக்கு ஜோடி சேர்ந்தவர் அதை மறந்திருக்கக் கூடாது.

வளர்மதி கையை எடுத்தாள். வண்டி சாய்ந்தது. பழக்குவியல் நல்ல மெத்தையாக இருந்ததால் எலும்புக்கு ஒன்றுமில்லை.

அவரைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டிய பழச்சதையைத் தட்டிவிட்டாள்.

"நேத்தே ராஜேஷ் கேட்டாருங்க. அண்ணனுக்குக் கால் எட்டாதே, எறக்கிடட்டுமாக்கான்னு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு எட்டுதேன்னு சொன்னேன்."

வண்டி மறுபடியும் வரப்பைப் பார்த்துக் கிளம்பியது. குழந்தைவேல் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூடையைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த கொட்டையைத் திருகினார்.