கேமராவுக்குத் தொப்பி போட்டவர்

கஞ்சிக்கோட்டில் கேமராவுக்குத் தொப்பி போட்டுவிட்டு வேலை பார்த்த ஒரே மனிதர் எங்கள் தொப்பியண்ணன்தான். உலகத்திலேயே ஒரே ஆளாகவும் இருக்கலாம். நான் விசாரித்தவரை வேறு யாரும் சிக்கவில்லை.

அது அலுமினிய ஏணி செய்யும் கம்பெனி. அண்ணன் செக்கிங். நான் டிப்ளமோ முடித்த கையோடு கேமரா அறையில் பயிற்சிக்குச் சேர்ந்தவன். காலை எட்டு மணிக்கு அவர் ஏணியில் ஏறி, கேமராவின் தலையில் தன் தொப்பியை மாட்டுவார். அப்புறம் நாள் முழுக்க என் திரையில் தொப்பியின் உள்பக்க வேர்வைக் கறை மட்டும்தான்.

"ஏனுங்கண்ணா, இப்படிப் பண்றீங்க?"

"கேமரா பாக்குதுன்னுதான் நான் ஒழுங்கா இருக்கறேன்னு எவனும் சொல்லப்படாது தம்பி."

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். பத்து ஏணிக்கு ஒன்றைச் சோதித்தால் போதும் என்பது கம்பெனி விதி. மனிதர் பத்திலும் ஏறி, மும்மூன்று முறை குதித்தார். தொண்ணூறு கிலோ உடம்பு! கூரைத் தகரம் அழுதது.

ஓர் ஏணி கிறீச்சிட்டது. அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆகா, மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அவரோ கோளாறான ஏணிக்கு ஒட்ட வேண்டிய சிவப்புச் சீட்டை ஒட்டாமல், ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒடிசாக்கார வெல்டர் பிகாஷிடம் போனார்.

"மறுக்கா பத்த வையி கண்ணு. இதுல ஏறறவனுக்கும் ஊட்டுல ஆளிருக்கும்ல?"

மூன்று சிவப்புச் சீட்டு வாங்கிய வெல்டரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பிகாஷுக்கு ஏற்கெனவே இரண்டு.

மாதம் முழுக்கச் சீட்டே வராததில் மலையாளி மேனேஜருக்குச் சந்தேகம். நேரே ஷெட்டுக்கு வந்துவிட்டார்.

"எந்தா இது? ஏணியெல்லாம் சொர்க்கத்துலேர்ந்தா வருது? மறைக்கிறியா?"

"மறைக்கறேனுங்க. கெட்ட ஏணி ஒண்ணும் வெளிய போகலீங்க. பண்ணவன் பேரும் போகாதுங்க."

"தொப்பியை எடு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

"மாட்டுனது நானுங்க. எடுக்கறதுன்னா நீங்களே எடுத்துக்குங்க." அண்ணன் இரண்டு ஏணிகளைக் கொண்டுவந்து சாத்தினார். "இது நான் குதிச்சுப் பாத்தது. அது இன்னும் பாக்காதது, உங்க ரூல்படி பாக்க வேண்டாததுங்க. எதுல ஏறறீங்க சார்?"

மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். தன் தொந்தியைப் பார்த்தார். கால் தானாகவே அண்ணன் குதித்த ஏணியின் பக்கம் நகர்ந்தது. ஷெட்டே சிரித்தது. கால் பின்வாங்கியது. கோபம் என் பக்கம் திரும்பியது.

"எடோ, நீ சொல்லு! கெட்ட ஏணி யாரோடது? ஸ்கிரீன்ல என்ன தெரிஞ்சது?"

பிகாஷ் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"தொப்பி, சார்," என்றேன்.

என் பயிற்சி அன்றோடு முடிந்தது. அண்ணன் இன்னும் குதிக்கிறார். அப்படிக் குதிக்க வேறு ஆள் கிடைக்கவில்லையாம். பிகாஷும் அங்கேதான். நான் வேறொரு கம்பெனியில் முப்பத்திரண்டு கேமராக்களைப் பார்க்கிறேன். எல்லாமே பளிச்சென்று தெரிகின்றன. அந்த வேர்வைக் கறையைத்தான் காணோம்.